கடலோர வீட்டுக்கு ஒரு வரவு செலவுக் கணக்கு: எக்செல், கூகுள் ஷீட் டெம்ப்ளேட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை கடலை நம்பியிருக்கும் வீடுகளுக்காக எழுதியது. மாதச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும். கணினி தெரியாதவர்கள் இதைப் பள்ளியில் படிக்கும் பிள்ளையோடு சேர்ந்து உட்கார்ந்து படித்தால் ஒரே நாளில் ஷீட்டைத் தயார் செய்துவிடலாம்.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாத பட்ஜெட் டெம்ப்ளேட்டை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

எடுக்கலாம், ஆனால் அப்படியே வேண்டாம். கூகுள் ஷீட்டின் டெம்ப்ளேட் தொகுப்பில் மாத பட்ஜெட், ஆண்டு பட்ஜெட் என்று இரண்டு இருக்கின்றன. எக்செலிலும் இதேபோல் உண்டு. எல்லாமே முதல் தேதி சம்பளம் வரும், அதை மாதக் கடைசிவரை பிரித்துச் செலவழிக்கவேண்டும் என்ற எண்ணத்தில் செய்தவை. நம் ஊரில் வரவு அப்படி வருவதில்லை. ஒரு வாரம் நல்ல பாடு (மீன்பிடிப்பு) கிடைக்கும். அடுத்த வாரம் காற்று என்று கடலுக்குப் போக டோக்கன் (அனுமதிச் சீட்டு) கொடுக்கமாட்டார்கள், அல்லது வேலைநிறுத்தம். பிறகு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம்.

இப்படிப்பட்ட வீட்டில் மாத பட்ஜெட் ஷீட்டை நிரப்பினால் மூன்றாவது மாதமே 'திட்டம்', 'உண்மை' என்ற இரண்டு கட்டங்களுக்கும் சம்பந்தமில்லாமல் போய்விடும். பலர் கணக்கு எழுதுவதை நிறுத்துவது அந்த இடத்தில்தான். தப்பு அவர்களிடம் இல்லை, ஷீட்டின் அமைப்பில் இருக்கிறது. டெம்ப்ளேட்டின் நிறம், கட்டம், வரைபடம் எல்லாம் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு எங்கே தொடங்குகிறது, வரவை எப்படி எழுதுவது என்ற இரண்டை மட்டும் மாற்றவேண்டும்.

ஆண்டை எந்தத் தேதியில் தொடங்குவது?

ஜூன் 15. சனவரி 1 வேண்டாம், வரிக் கணக்கின் ஏப்ரல் 1-ம் வேண்டாம்.

ஒவ்வொரு மாதத்தையும் 15-ந் தேதி தொடங்கி அடுத்த மாதம் 14-ந் தேதி முடிக்கவேண்டும். ஜூன் 15 முதல் ஜூலை 14 வரை முதல் மாதம். இப்படிப் பன்னிரண்டு மாதம் போட்டால் கடைசி இரண்டு நெடுவரிசைகள் ஏப்ரல் 15 – மே 14, மே 15 – ஜூன் 14 என்று வரும். தடைக்காலம் முழுவதும் ஒரு நாள் கூடாமல் குறையாமல் அந்த இரண்டு நெடுவரிசைக்குள் அடங்கிவிடும். பத்து மாதச் சம்பாத்தியம் இடதுபுறம், இரண்டு மாதச் செலவு வலதுபுறம் என்று ஒரே பார்வையில் தெரியும்.

சனவரியில் தொடங்கும் ஷீட்டில் தடைக்காலம் நடுவில் வந்து உட்காரும். அதற்கு முன் சேர்த்தது எது, பின் அடைத்த கடன் எது என்று பிரித்துப் பார்க்கவே முடியாது.

நாட்டுப்படகுக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை. ஆனாலும் அவர்களுக்கும் இதே தேதியைத்தான் சொல்வோம். பள்ளிச் செலவு ஜூனில் வருகிறது, அதோடு ஆண்டுக் கணக்கை முடிப்பது நல்லது.

எத்தனை ஷீட் வேண்டும்? என்னென்ன தலைப்பு?

முதலில் ஐந்து போதும்: பதிவு, பட்டியல், மாதம், தடைக்காலம், கடன். கையால் தினமும் எழுதுவது 'பதிவு' ஒன்றில் மட்டும். மாதக் கூட்டுத்தொகை தானாக வரவேண்டும். எண்ணை இரண்டு இடத்தில் கையால் எழுதவைக்கும் டெம்ப்ளேட்டைத் தொடவே வேண்டாம்.

'பதிவு' ஷீட்டில் ஏழு நெடுவரிசை: தேதி, யார், வகை, வரவு, செலவு, கையா வங்கியா, குறிப்பு. ஒரு கொடுக்கல் வாங்கலுக்கு ஒரு வரிசை.

'பட்டியல்' ஷீட்டில் வகைகளின் பெயர்கள். இருபதுக்கு மேல் போகவேண்டாம். அரிசி மளிகை, காய்கறி, எரிவாயு, மின்சாரம் போன், பள்ளி, மருத்துவம், பயணம், திருவிழா, மொய், துணி, வட்டி, சீட்டு, பங்கு வரவு, பிற வரவு என்று வைத்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும். டீக்கடை, வெற்றிலை பாக்கு, சிகரெட்டுக்கு 'கைச்செலவு' என்று ஒரு வகை கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் அந்தப் பணம் கணக்கில் வரவே வராது.

வகை நெடுவரிசையில் பெயரைத் தட்டச்சு செய்யவிடாமல், ட்ராப்டவுன் போட்டுத் தேர்ந்தெடுக்கும்படி செய்யுங்கள். நெடுவரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து, டேட்டா மெனுவில் டேட்டா வேலிடேஷன் போய், 'பட்டியல்' ஷீட்டின் முதல் நெடுவரிசையைக் காட்டிவிட்டால் போதும். பட்டியலில் இல்லாத பெயரை மறுத்துவிடும்படியும் அங்கேயே வைக்கலாம்.

மாதக் கூட்டுத்தொகை எந்த வாய்பாட்டில் வரும்?

சம்இஃப்ஸ் (SUMIFS). 'மாதம்' ஷீட்டில் முதல் நெடுவரிசையில் வகைப் பெயர்களை இறக்குங்கள். முதல் வரிசையில் மாதத் தொடக்கத் தேதிகள். முதல் தேதியை மட்டும் கையால் போட்டு, அடுத்ததற்கு ஈடேட் (EDATE) வாய்பாட்டில் 'முந்தைய கட்டம், 1' என்று கொடுத்தால் 15-ந் தேதிகளாக வரிசையாக வந்துவிடும்.

சம்இஃப்ஸுக்குள் கொடுக்கவேண்டிய வரிசை இது: கூட்டவேண்டிய நெடுவரிசை (பதிவின் செலவு; வரவு வகைகளுக்கு வரவு), வகை நெடுவரிசை, அதற்கு ஈடான வகைப் பெயர்க் கட்டம், தேதி நெடுவரிசை, 'தொடக்கத் தேதிக்குச் சமம் அல்லது பெரியது' என்ற நிபந்தனை, மறுபடி தேதி நெடுவரிசை, 'அடுத்த மாதத் தொடக்கத்தைவிடச் சிறியது' என்ற நிபந்தனை. கடைசி நிபந்தனையில் 'சமம்' சேர்த்துவிட்டால் 15-ந் தேதிச் செலவு இரண்டு மாதத்திலும் ஏறும்.

நெடுவரிசை முழுவதையும் காட்டுங்கள். பல டெம்ப்ளேட்டுகளில் வாய்பாடு 100 வரிசை வரைதான் கூட்டும். 101-வது வரிசையில் எழுதியது காற்றில் போகும், எந்தப் பிழைச் செய்தியும் வராது.

கடலுக்குப் போய் வந்த பங்கை எப்படி எழுதுவது?

கைக்கு வந்ததை மட்டும். படகு 18,000 ரூபாய்க்கு மீன் விற்றது என்றால் அது உங்கள் வரவு அல்ல. டீசல், ஐஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்து 5,000 கழிந்து, மிச்சம் 13,000-ல் பாதி படகுக்கும் வலைக்கும், மறு பாதி நான்கு பேருக்கும் என்று வைத்தால் ஆளுக்கு 1,625. அதுதான் வரவு. பங்கு முறை ஊருக்கு ஊர், படகுக்குப் படகு மாறும். உங்கள் படகின் முறையை வைத்துக்கொள்ளுங்கள்.

பங்கில் பிடித்தம் இருந்தால் இரண்டு வரிசையாக எழுதவேண்டும். 1,625 பங்கு, அதில் பழைய முன்பணத்துக்கு 500 பிடித்துக்கொண்டு 1,125 கொடுத்தார் என்றால், வரவு 1,625, அடுத்த வரிசையில் கடன் அடைத்தது 500. வெறும் 1,125 என்று எழுதினால் கடன் குறைந்தது கணக்கில் எங்கேயும் தெரியாது. ஆறு மாதம் கழித்து பாக்கி எவ்வளவு என்று பேச்சு வரும்போது காட்ட ஒன்றும் இருக்காது.

பாடு இல்லாமல் வெறுங்கையோடு திரும்பிய நாளையும் வரவு 0 என்று எழுதுங்கள். எத்தனை முறை போனோம், சராசரி என்ன என்று பார்க்க அந்த 0 வேண்டும்.

சொந்தப் படகு இருக்கிறது. வீட்டுக் கணக்கிலேயே படகுக் கணக்கையும் எழுதலாமா?

கூடாது. கோப்பே வேறாக இருக்கட்டும். படகுக் கோப்பில் விற்பனை, மானிய டீசல், வெளி டீசல், ஐஸ், ஆள் பங்கு, தரகு, வலை, இன்ஜின், மராமத்து. படகிலிருந்து வீட்டுக்கு எடுக்கும் தொகை படகுக் கோப்பில் செலவு, வீட்டுக் கோப்பில் வரவு. உரிமையாளரே கடலுக்கும் போனால் அவருக்கு ஆள் பங்கும் உண்டு, படகுப் பங்கும் உண்டு. ஆள் பங்கை வீட்டுக்கு எடுங்கள், படகுப் பங்கைப் படகிலேயே விடுங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்றால், படகுக்குப் பெரிய செலவு வருவது வரவே இல்லாத தடைக்காலத்தில்தான். அப்போதுதான் கரையேற்றி, பலகை பார்த்து, கலப்பத்து அடித்து (பலகை இடுக்குகளை அடைத்து), பெயின்ட் அடித்து, இன்ஜினைப் பிரிப்பார்கள். போன ஆண்டு அந்தச் செலவு 90,000 ஆனது, ஆண்டுக்குச் சுமார் 100 முறை கடலுக்குப் போகிறது என்றால், ஒவ்வொரு முறையும் 900 ரூபாய் தனியே போகவேண்டும். பாக் நீரிணைப் பக்கம் வாரத்தில் மூன்று நாள்தான் விசைப்படகு போகும் என்பதால் அந்த 100 என்ற எண்ணைக் கூட்டிப் போட்டு ஏமாறவேண்டாம். படகுக் கோப்பில் 'மராமத்து ஒதுக்கீடு' என்று ஒரு நெடுவரிசை வைத்து, ஒவ்வொரு முறையும் 900 தானாக விழும்படி செய்யுங்கள். வங்கியில் அந்தப் பணம் உண்மையிலேயே இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள்.

தடைக்காலத்துக்கு வாரம் எவ்வளவு ஒதுக்குவது?

முதலில் தேவை. மாதச் செலவு 14,000 என்றால் இரண்டு மாதத்துக்கு 28,000. ஜூன் பள்ளிச் செலவு 9,000. வட்டி, தவணை 3,000. மொத்தம் 40,000.

அடுத்து வாரங்கள். ஜூன் 15 முதல் ஏப்ரல் 14 வரை 304 நாள், அதாவது 43 வாரம். இதை அப்படியே வகுத்தால் வாரம் 930 ரூபாய் என்று வரும். அது நடக்காது. வாடைக் காற்று, புயல் எச்சரிக்கை, வேலைநிறுத்தம், திருவிழா, இன்ஜின் பழுது எல்லாம் போக 30 வாரம்தான் ஒதுக்க முடிகிற வாரம் என்று எடுங்கள். 40,000-ஐ 30-ஆல் வகுத்தால் 1,333. ஆக 1,350 என்று வையுங்கள்.

'தடைக்காலம்' ஷீட்டில் ஐந்து கட்டம் போதும்: தேவை, இதுவரை சேர்த்தது, ஏப்ரல் 15-க்கு மீதி நாள், ஒதுக்க முடிகிற வாரம், இனி வாரத்துக்கு எவ்வளவு. மீதி நாளுக்கு ஏப்ரல் 15 தேதியிலிருந்து டுடே (TODAY) வாய்பாட்டைக் கழியுங்கள். அதை 7-ஆல் வகுத்து 0.7-ஆல் பெருக்கினால் ஒதுக்க முடிகிற வாரம். தேவையிலிருந்து சேர்த்ததைக் கழித்து அந்த வாரத்தால் வகுத்தால் கடைசிக் கட்டம். நவம்பர் 1 அன்று 16,000 சேர்ந்திருந்தால், மீதி நாள் 165, வாரம் 16.5, இனி வாரத்துக்கு ஏறக்குறைய 1,455 என்று காட்டும். இரண்டு வாரம் ஒதுக்காமல் விட்டால் அந்த எண் ஏறும். அதைப் பார்ப்பதுதான் இந்த ஷீட்டின் முழுப் பயன்.

ஏப்ரல் 15 அன்று மீதி நாள் 0 ஆகி வகுத்தல் பிழை காட்டும். ஷீட் கெட்டுவிடவில்லை. இஃப்எரர் (IFERROR) வாய்பாட்டுக்குள் போட்டுவிட்டால் பிழை மறையும்.

பணத்தை வீட்டுப் பெட்டியில் வைக்காமல், ஏடிஎம் கார்டு வாங்காத ஒரு தனிச் சேமிப்புக் கணக்கில் போடுங்கள். அஞ்சலகக் கணக்கு போதும்.

அரசு தரும் தடைக்கால நிவாரணத்தை வரவில் முன்கூட்டியே போடலாமா?

போடவேண்டாம். தமிழக அரசின் நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். அது கணக்கில் ஏறிய தேதியில் 'பிற வரவு' என்று எழுதுங்கள். 40,000 தேவையில் 8,000-ஐக் கழித்துக்கொண்டு 32,000 சேர்த்தால் போதும் என்று இருந்து, பணம் தாமதமாக வந்தால், அந்த இடைவெளிக்குள் நகை அடகுக்குப் போகும். நிவாரணம் வந்ததும் அது அடுத்த ஆண்டுக் கணக்கின் முதல் சேமிப்பாக இருக்கட்டும்.

வியாபாரியிடம் வட்டியில்லாமல் முன்பணம் வாங்கியிருக்கிறோம். இதைக் கடன் ஷீட்டில் போடவேண்டுமா?

கட்டாயம். வட்டி விலையில் இருக்கிறது. முன்பணம் வாங்கியவர் பிடித்ததை அந்த வியாபாரிக்கே போடவேண்டும், அவர் சொல்லும் விலைக்கே போடவேண்டும். இதைக் கணக்கில் பிடிக்க இரண்டு கூடுதல் நெடுவரிசை வேண்டும்: அன்றைக்குக் கரையில் ஏலம் போன விலை, நமக்குக் கொடுத்த விலை.

நண்டு கிலோவுக்கு 20 ரூபாய் குறைவு, வாரம் 40 கிலோ என்றால் வாரம் 800 ரூபாய். 30 வாரத்தில் 24,000. வாங்கிய முன்பணம் 50,000 என்றால் அது ஆண்டுக்கு 48 சதவீதம். முன்பணமே வாங்கக்கூடாது என்று சொல்ல வரவில்லை. இன்ஜின் நின்றுவிட்ட நாளில் உடனே கைகொடுப்பவர் அவர்தான். ஆனால் விலை என்ன என்று தெரிந்து வாங்கவேண்டும். மீனவர்களுக்கும் கிசான் கடன் அட்டை உண்டு. அதில் நடைமுறை மூலதனக் கடனுக்கு 7 சதவீத வட்டி, தவணை தவறாமல் கட்டினால் 3 சதவீதம் தள்ளுபடி போக 4 சதவீதம். 48-ஐயும் 4-ஐயும் ஒரே ஷீட்டில் அடுத்தடுத்த வரிசையில் பார்த்த பிறகு வங்கிக்கு நடக்கும் அலைச்சல் பெரிதாகத் தெரியாது.

மூன்று வட்டி, தண்டல் இதற்கெல்லாம் ஆண்டு வட்டி கண்டுபிடிப்பது எப்படி?

மூன்று வட்டி என்றால் 100-க்கு மாதம் 3 ரூபாய், ஆண்டுக்கு 36 சதவீதம். இது எளிது.

தண்டலில் 10,000 என்று சொல்லி 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். தினம் 100 வீதம் 100 நாள் கட்டவேண்டும். பார்க்க 15 சதவீதம் போலத் தெரியும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலைத் திருப்பிக் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்பதால் உண்மை வட்டி அதைவிட எவ்வளவோ அதிகம். ரேட் (RATE) வாய்பாட்டில் 100, கழித்தல் குறியோடு 100, 8500 என்று மூன்று எண்களைக் கொடுங்கள். ஒரு நாளுக்கு 0.33 சதவீதம் என்று வரும். 365-ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு ஏறக்குறைய 121 சதவீதம். தவணைத் தொகைக்குக் கழித்தல் குறி போடாவிட்டால் ரேட் பிழை காட்டும், ஏனென்றால் வந்த பணமும் போன பணமும் எதிர் எதிர்க் குறியில் இருக்கவேண்டும்.

கடன் ஷீட்டில் ஒவ்வொரு கடனுக்கும் இந்த ஆண்டு வட்டி நெடுவரிசையை நிரப்பி, பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்துங்கள். கையில் உபரி வந்தால் மேலே இருப்பதை முதலில் அடையுங்கள். நச்சரிக்கிறவருக்கு முதலில் கொடுக்கத் தோன்றும். தண்டலை விட்டுவிட்டு நச்சரிப்புக்காகக் கைமாற்றை அடைத்தால் நஷ்டம் நமக்கு.

நகைக்கடனுக்கு என்ன எழுதவேண்டும்?

அடகுச் சீட்டு எண், எந்த நகை, எத்தனை கிராம், தொகை, வட்டி, வைத்த தேதி, மீட்கவேண்டிய தேதி. பவுன் என்று எழுதாமல் கிராம் என்று எழுதுங்கள் (ஒரு பவுன் 8 கிராம்), சீட்டில் அப்படித்தான் இருக்கும். ஓராண்டுத் தவணை என்றால் வைத்த தேதிக்கு ஈடேட் போட்டு 12 கொடுத்தால் மீட்கும் தேதி வரும்.

மீட்கும் தேதிக்கு 30 நாளுக்குள் வந்தால் கட்டம் சிவப்பாகும்படி கண்டிஷனல் ஃபார்மேட்டிங் போடுங்கள். இதில் எல்லோருக்கும் வரும் சிக்கல்: காலிக் கட்டங்களும் சிவப்பாகிவிடும். காலிக் கட்டத்தை ஷீட் 0 என்று எடுத்துக்கொள்வதால், பழைய தேதி என்று நினைக்கிறது. 'கட்டம் காலியாக இல்லாவிட்டால்' என்ற நிபந்தனையை அண்ட் (AND) வாய்பாட்டில் சேர்த்தால் சரியாகும்.

ஏப்ரல், மேயில் வைத்த நகை அடுத்த ஏப்ரல், மேயில் தவணைக்கு வரும், அதாவது மறுபடி வரவில்லாத மாதத்தில். பிப்ரவரியிலேயே மீட்பது நல்லது.

ஏலச்சீட்டு சேமிப்பா, கடனா?

எடுக்கும்வரை சேமிப்பு, எடுத்தபின் கடன். 20 பேர், மாதம் 5,000, ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு என்று வைப்போம். நாலாவது மாதம் 28,000 தள்ளி எடுத்தால் கைக்கு 72,000. நடத்துபவரின் கமிஷன் 5,000 போக மீதி 23,000-ஐ 20 பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு 1,150, அந்த மாதம் கட்டவேண்டியது 3,850. பதிவில் 5,000 என்று எழுதாமல் உண்மையாகக் கட்டிய 3,850-ஐ எழுதுங்கள். பதிவு பெற்ற சீட்டுகளில் கமிஷன் உச்சவரம்பு 5 சதவீதமாக இருந்தது, 2019-ல் சட்டம் திருத்தி 7 சதவீதம் ஆக்கினார்கள். அதற்கு மேல் கேட்டால் விசாரியுங்கள்.

சீட்டு முடிந்ததும் தேதிகளை ஒரு நெடுவரிசையிலும், கட்டியதைக் கழித்தல் குறியோடும் எடுத்ததைக் கூட்டல் குறியோடும் அடுத்ததிலும் இறக்கி எக்ஸ்ஐஆர்ஆர் (XIRR) வாய்பாடு போட்டால் லாபமா நஷ்டமா என்று தெரியும். சீக்கிரம் எடுத்தவருக்கு வரும் எண் கடன் வட்டி, கடைசியில் எடுத்தவருக்கு வருவது சேமிப்பு வட்டி. மகளிர் குழுச் சேமிப்புக்கும் கடனுக்கும் தனித்தனி வரிசை போதும்.

மொய், திருவிழாச் செலவை எப்படித் திட்டமிடுவது?

மொய்க்கு ஒரு தனி ஷீட் வையுங்கள்: ஊர், பெயர், விசேஷம், தேதி, செய்தது, வந்தது. மொய் நோட்டைத் தேடுவதைவிட ஷீட்டில் பெயரைத் தேடுவது எளிது. வந்த மொய்யை வரவு என்று கணக்கிட்டுச் செலவழிக்கவேண்டாம், திருப்பிச் செய்யவேண்டிய பணம் அது.

முளைக்கொட்டு, ஓரியூர்த் திருவிழா, கிறிஸ்துமஸ், தீபாவளி, ரம்ஜான் என்று உங்கள் வீட்டுக்கு உரியதைப் போடுங்கள். ரம்ஜானும் ஏர்வாடி சந்தனக்கூடும் பிறைக் கணக்கில் வருவதால் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும். போன ஆண்டு ஷீட்டை நகலெடுத்தால் அந்தத் தேதிகளையும் தீபாவளி போல ஆண்டுதோறும் மாறும் தேதிகளையும் திருத்தவேண்டும்.

வெளிநாட்டிலிருந்து பணம் வருகிறது. எந்த மதிப்பில் எழுதுவது?

வங்கியில் ஏறிய ரூபாயில். கீழக்கரை, தொண்டிப் பக்கம் பலர் திர்ஹம், ரியால் தொகையை அன்றைய மதிப்பால் பெருக்கி எழுதுகிறார்கள். அனுப்பும் நிறுவனம் தரும் மதிப்பும் இணையத்தில் தெரியும் மதிப்பும் ஒன்றல்ல, அதோடு கட்டணமும் உண்டு. அனுப்பிய தொகையைக் குறிப்பு நெடுவரிசையில் வைத்தால், எந்த வழியில் அனுப்பினால் அதிகம் கிடைக்கிறது என்று சில மாதத்தில் தெரிந்துவிடும்.

கணினி இல்லை, போன் மட்டும்தான். கடலில் சிக்னலும் இல்லை.

ஷீட்டை அமைக்க ஒருமுறை மட்டும் கணினி இருந்தால் நல்லது. அதன்பின் போன் போதும். கூகுள் ஷீட் ஆப்பில் கோப்பின் மெனுவில் ஆஃப்லைனில் கிடைக்கும்படி வைத்துவிட்டால் சிக்னல் இல்லாமலும் எழுதலாம், கரைக்கு வந்ததும் ஏறிக்கொள்ளும். ஒரே கட்டத்தை இருவர் சிக்னலில்லாமல் மாற்றினால் ஒருவர் எழுதியது போய்விடும். ஆகவே ஆளுக்கு ஒரு வரிசையாகக் கீழே சேர்த்துக்கொண்டே போங்கள், பழைய வரிசையைத் திருத்தவேண்டாம்.

சிறு திரையில் ஏழு நெடுவரிசை எழுதுவது சிரமம் என்றால் கூகுள் ஃபார்ம் ஒன்று செய்து ஷீட்டோடு இணையுங்கள். ஃபார்மில் தேதிக்குத் தனிக் கேள்வி வையுங்கள். இல்லையென்றால் அனுப்பிய நேரம்தான் பதிவாகும், நேற்றைய செலவு இன்றைய தேதியில் ஏறும். ஃபார்முக்குச் சிக்னல் வேண்டும்.

நடைமுறையில் நன்றாக ஓடும் வழி வேறு. கடலுக்குப் போகிறவர் கரையிறங்கியதும் வாட்ஸ்அப்பில் தொகையைச் சொல்லிவிடுவார். வீட்டில் இருப்பவர் ராத்திரி எழுதுவார். பாசி எடுக்கும், கருவாடு போடும், நண்டு உடைக்கும் பெண்களின் வரவும் 'யார்' நெடுவரிசையில் அவரவர் பெயரில் தனியே ஏறவேண்டும். பல வீடுகளில் தடைக்காலத்தைத் தாங்குவது அந்தப் பணம், கணக்கில் மட்டும் அது தெரிவதில்லை.

கூட்டுத்தொகை தப்பாக வருகிறது. ஏன்?

நாலைந்து காரணம்தான்.

எண்ணோடு எழுத்து. '500 ரூ' என்று எழுதினால் அது எழுத்து. சம் (SUM) வாய்பாடு அதைக் கூட்டாது, பிழையும் காட்டாது. எண் கட்டத்தின் வலது ஓரத்தில் ஒட்டி நிற்கும், எழுத்து இடது ஓரத்தில் நிற்கும். நெடுவரிசையை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தாலே பிடிபடும். வங்கியிலிருந்து இறக்கிய அறிக்கையில் தொகைகள் இப்படி எழுத்தாக வருவது சகஜம்.

தேதி. ஷீட்டின் லொகேல் (எந்த நாட்டு முறை என்ற அமைப்பு) அமெரிக்கா என்று இருந்தால் 3/4 என்பது மார்ச் 4 ஆகிவிடும். 15/4 என்றால் பதினைந்தாவது மாதம் இல்லாததால் எழுத்தாக நிற்கும். மாதத்தின் முதல் 12 நாள் தப்பு மாதத்துக்குப் போய், மற்ற நாட்கள் எந்த மாதத்திலும் சேராமல் நிற்கின்றன என்றால் காரணம் இதுதான். ஃபைல் மெனுவில் செட்டிங்ஸ் போய் லொகேலை இந்தியா ஆக்குங்கள். ஏற்கெனவே ஏறிய தேதிகள் தானாகத் திருந்தாது, கையால் மாற்றவேண்டும்.

தமிழ் எழுத்து. 'கொ' என்பதை ஒரே கொம்புக்காலாகவும் தட்டலாம், 'கெ' அடித்துப் பின் கால் போட்டும் தட்டலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் வாய்பாட்டுக்கு இரண்டும் வேறு சொல்லாகிவிடக்கூடும். சொல்லுக்குப் பின் ஒரு இடைவெளி விழுந்தாலும் அப்படித்தான். ட்ராப்டவுன் போடச் சொன்னது இதற்காகவும்தான்.

வாய்பாட்டின் மேல் எழுதிவிடுவது. போனில் விரல் பட்டு நடக்கும். 'மாதம்' ஷீட்டை டேட்டா மெனுவில் ப்ரொடெக்ட் செய்துவிடுங்கள். நடந்துவிட்டால் கணினியில் ஃபைல் மெனுவின் வெர்ஷன் ஹிஸ்டரியில் நேற்றைய நிலைக்குத் திரும்பலாம்.

எக்செலில் சிஎஸ்வி (வெறும் எழுத்துக்) கோப்பைத் திறந்தால் தமிழ் புரியாத குறிகளாகத் தெரிகிறது என்றால், கோப்பு கெட்டுப்போகவில்லை. இருமுறை தட்டித் திறக்காமல், டேட்டா மெனுவில் டெக்ஸ்ட் கோப்பிலிருந்து இறக்குமதி செய்து, யுடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

ஷீட் சொல்லும் மிச்சமும் கையிலிருக்கும் பணமும் ஒத்துவரவில்லை.

பெரும்பாலும் ஏடிஎம்மில் எடுத்த பணத்தைச் செலவு என்று எழுதியிருப்பீர்கள், பிறகு அதே பணத்தில் வாங்கிய அரிசியையும் எழுதியிருப்பீர்கள். 'மாற்றம்' என்று ஒரு வகை வைத்து, வங்கியில் செலவு, கையில் வரவு என இரண்டு வரிசை எழுதுங்கள். மாதக் கூட்டலில் அந்த வகையைச் சேர்க்கவேண்டாம். வாங்கிய கடனும் இப்படித்தான். அதை வரவு என்று கூட்டினால் மோசமான மாதம்கூட நல்ல மாதம் போலத் தெரியும்.

அப்படியும் ஐம்பது நூறு இடித்தால் 'தெரியாதது' என்று ஒரு வரிசை போட்டுச் சமப்படுத்திவிட்டு நகருங்கள். வாரம் ஒருமுறை சரிபார்த்தால் இடிப்பு சிறிதாகவே இருக்கும். மூன்று மாதம் விட்டால் தேடவே முடியாது.

ஷீட்டில் எதை எழுதவே கூடாது?

ஏடிஎம் பின், கடவுச்சொல், யுபிஐ பின், முழுக் கார்டு எண், ஆதார் எண். கணக்கு எண்ணில் கடைசி நான்கு இலக்கம் போதும். பகிரும்போது 'இணைப்பு உள்ள யாரும்' என்று விடாமல், வீட்டு ஆட்களின் மின்னஞ்சலைச் சேர்த்துப் பகிருங்கள். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய எக்செல் கோப்பு மேக்ரோவை (கோப்புக்குள் தானே ஓடும் நிரலை) அனுமதிக்கச் சொன்னால் மூடிவிடுங்கள், வீட்டுக் கணக்குக்கு மேக்ரோ தேவையே இல்லை. போன் கடலில் விழுந்தாலும் கோப்பு கூகுள் கணக்கில் இருக்கும். மீட்பு எண்ணாக வீட்டில் இருப்பவரின் எண்ணைக் கொடுத்துவையுங்கள்.

ஜூன் 15 வந்ததும் என்ன செய்வது?

பழைய கோப்பைத் தொடாமல் ஃபைல் மெனுவில் நகல் எடுத்து, ஆண்டைப் பெயராக வையுங்கள். நகலில் 'பதிவு' ஷீட்டின் வரிசைகளை மட்டும் அழியுங்கள். வரிசையையே நீக்காமல் உள்ளிருப்பதை மட்டும் அழித்தால் ட்ராப்டவுன் அப்படியே இருக்கும். முதல் இரண்டு வரிசையில் கையிருப்பையும் வங்கி இருப்பையும் 'மாற்றம்' என்ற வகையில் எழுதுங்கள். 'மாதம்' ஷீட்டில் முதல் தேதியை மாற்றினால் மற்ற பதினொன்றும் தானாக மாறும். 'கடன்' ஷீட்டில் அடைத்து முடித்ததை நீக்கி, பாக்கி உள்ளதை மட்டும் விடுங்கள். 'தடைக்காலம்' ஷீட்டில் தேவைக் கட்டத்தில் போன ஆண்டின் கடைசி இரண்டு நெடுவரிசையில் உண்மையாக ஆன செலவைப் போடுங்கள், மதிப்பீட்டை வேண்டாம். இலக்குத் தேதியை அடுத்த ஆண்டு ஏப்ரல் 15 ஆக மாற்ற மறந்தால் மீதி நாள் கழித்தல் குறியில் காட்டும்.